கண்டிப் பாதையும் சுமந்தவர் சரித்திரமும்

இலங்கையின் பொருளாதார வரலாற்றைக் கற்போர் கோப்பி எப்போது பயிரிடப்பட்டது, தேயிலை எப்போது வந்தது, ஏற்றுமதி எவ்வளவு என்பவற்றை எளிதில் அறிந்துகொள்ளலாம். ஆனால் மலையுச்சியில் விளைந்த பொருள் கடற்கரைக்கு எவ்வாறு இறங்கிற்று? தோட்டத்துக்கு வேண்டிய அரிசி எவ்வாறு ஏறிற்று? அவற்றைச் சுமந்தவர் யாவர்? இவ்வினாக்களுக்கு நமது பாடநூல்களில் போதிய விடையில்லை. பொருளையும் ஆளையும் உரிய காலத்தில் உரிய இடத்திற் சேர்க்கும் ஏற்பாட்டினை இன்றைய முகாமைத்துவ நூலார் ‘லொஜிஸ்டிக்ஸ்’ எனப் பெயரிட்டு ஒரு தனிச் சாத்திரமாகவே போற்றுகின்றனர். அச்சாத்திரம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அதன் நன்மை தீமை அனைத்தையும் அனுபவித்தறிந்த நகரம் கண்டி. ஆதலின் கண்டியின் கதையை இக்கோணத்தில் நின்று நோக்குதல் பயனுடைத்து.

இச்சாத்திரம் வணிகத்தில் அன்று, போர்க்களத்திலேயே தோன்றியது. கண்டியும் அதற்கு விலக்கன்று. கண்டி மன்னர்கள் அகன்ற பாதைகளை அமைக்காது விட்டமை அறியாமையினாலன்று. அடர்ந்த காடும், ஒற்றையடித் தடமும், கணவாய்களிற் கட்டப்பட்ட கடவத்தைகளுமே அவர்தம் கோட்டை மதில்கள். 1803ஆம் ஆண்டிலே பிரித்தானியர் கண்டியைக் கைப்பற்றினர். ஆயின் அதனைக் காத்துக்கொள்ள அவர்களால் இயலவில்லை. மேஜர் டேவியின் தலைமையில் விடப்பட்ட படை காய்ச்சலினாலும் வழங்கல் துண்டிக்கப்பட்டமையாலும் நலிந்து, அவ்வாண்டு ஜூன் மாதத்திற் சரணடைந்து அழிந்தது. 1815இல் இராச்சியம் பிரதானிகளின் உடன்படிக்கை வழியாகவே அவர் கைக்கு வந்தது. 1817-18இல் ஊவாவில் மூண்ட கிளர்ச்சியோ, பாதையின்றி ஆட்சியில்லை என்ற பாடத்தை அவர்க்கு மீண்டும் புகட்டிற்று.

பாடத்தை நன்கு கற்றவர் எட்வேட் பார்ன்ஸ். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த அவர் காலத்திற் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் 72 மைல் நீளப் பெருந்தெரு உருப்பெற்றது. 1832இல் அதன்மீது தபால் வண்டி ஓடலாயிற்று. பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் 1833 அளவில் நிறைவெய்தி, 1905 வரை நின்று பணிபுரிந்தது. தெருவை அமைத்த பொறியியலாளருள் ஒருவரான கப்டன் டோசன் 1829இல் இறந்தார். கடுகண்ணாவையில் அவர் நினைவாக உயர்ந்த கோபுரமொன்று எழுந்தது, இன்றும் நிற்கின்றது. அவர் நினைவுகூரத் தக்கவரே, மறுப்பார் இலர். ஆனால் பாறையை உடைத்தவரும் மண்ணைச் சுமந்தவரும் எவர்? இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையால், தம் வயலை விட்டு அழைத்துவரப்பட்ட சிங்களக் குடியானவர்கள். அவர்தம் பெயரைத் தாங்கிய கல் ஒன்றேனும் அவ்வழியில் இல்லை.

பெருந்தெரு திறந்ததும் படைக்குப் பின்னே முதல் வந்தது. 1823இல் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டத்தைத் தொடக்கியிருந்தார். தேசாதிபதி பார்ன்ஸ் தாமும் பேராதனைக்கருகே கன்னொறுவையிற் பயிரிட்டார். பாதை அமைத்த ஆட்சியாளரே பாதையால் ஆதாயம் பெறும் தோட்டக்காரராகவும் இருந்தனர் என்பதை மாணவர் குறித்துக்கொள்ளல் வேண்டும். 1840களில் கோப்பி வெறி மலைநாட்டைப் பற்றிக்கொண்டது. முன்னர்ப் பொதிமாடுகளின் தவளங்கள் உப்பையும் கருவாட்டையும் மலைக்குக் கொணர்ந்து பாக்கை ஏற்றிச் சென்ற தடங்களில் இப்போது மாட்டுவண்டிகள் நிரை நிரையாய் ஊர்ந்தன.

அவ்வண்டிப் போக்குவரத்தின் உள்ளமைப்பு ஆராயத் தக்கது. மலையின் ஈரக் காற்றிற் கோப்பியை முற்றாக உலர்த்தல் அரிது. எனவே மேற்றோலியுடனேயே அது வண்டியேறிக் கொழும்பு சென்று, ஆங்குள்ள ஆலைகளில் உலர்த்தித் தோல் நீக்கப்பெற்றுக் கப்பலேறிற்று. திரும்பும் வண்டி வெறுமையாய் வரவில்லை. தோட்டத் தொழிலாளர்க்குரிய அரிசியை ஏற்றி வந்தது. இறங்குவது கோப்பி, ஏறுவது அரிசி. இவ்விரண்டிலொன்று தடைப்படினும் மற்றது நின்றுவிடும். மழையால் தெரு சேறானாலும், மாடுகளைக் கோமாரி தாக்கினாலும் வண்டிக்கூலி ஏறும். தோட்டத்தில் அரிசி அருகும். வண்டித் தொழிலைக் கைக்கொண்ட கரையோரச் சிங்கள வணிகர் சிலர் பெருஞ் செல்வராயினர். உள்நாட்டு முதலாளி வர்க்கத்தின் வேர்களுள் ஒன்று இம்மாட்டுவண்டிச் சக்கரத்தடியில் உள்ளது எனலாம்.

1832இல் கோல்புறூக்கின் பரிந்துரைப்படி இராஜகாரியம் நீக்கப்பட்டது. சுதந்திரக் கூலியுழைப்பைத் தோட்டங்களுக்கு ஆக்கித் தருதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் தனக்கென வயலும் சேனையும் உடைய கண்டிக் குடியானவன் தோட்டக் கூலியாக விரும்பினானல்லன். எனவே ஆளையும் இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. மதுரை, திருச்சி, சேலம், தஞ்சை மாவட்டங்களிற் பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் வாட்டிய மக்கள் கங்காணியின் முன்பணத்திற்குக் கட்டுண்டு புறப்பட்டனர். பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற வன்னிக் காடுகளூடே நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் பசியும் களைப்பும் அவ்வழியெங்கும் ஆயிரமாயிரவரைப் பலிகொண்டன.

எத்தனை பேர் மாண்டனர்? அக்காலப் பத்திரிகை ஒன்று கூற, அரசாங்கத்தார் வேறொன்று கூறினர். ஆய்வாளரின் வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் ஒன்றை நாம் உறுதியாகக் கூறலாம். கொழும்புத் துறையிலிருந்து சென்ற கோப்பியின் நிறை அந்தர்க் கணக்கில் ஆண்டுதோறும் பதியப்பட்டது. காட்டு வழியில் வீழ்ந்த மாந்தர்க்கு அத்தகைய பதிவேடு இருந்ததில்லை. ஓர் ஏற்பாட்டில் எது எண்ணப்படுகிறது, எது எண்ணப்படாது விடப்படுகிறது என்பதிலிருந்தே அவ்வேற்பாடு யாருக்கானது என்பதை உணர்ந்துகொள்ளலாம்.

பாதையின் சுமை தமிழ்த் தொழிலாளி மீது மட்டும் விழுந்ததன்று. 1848இல் தேசாதிபதி டொறிங்டன் பிறப்பித்த தெருச் சட்டம், 18 முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஆண்டுக்கு 6 நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் 3 ஷில்லிங் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. பதினாறாண்டுகளுக்கு முன் நீங்கிய இராஜகாரியமே வேறு வேடம் புனைந்து வந்தது என மக்கள் கருதியதில் வியப்பில்லை. ஏனைய புதிய வரிகளும் சேர, அவ்வாண்டு ஜூலையில் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. ஆகஸ்ட் 8ஆம் நாள் வீர புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். தோட்டக்காரனின் கோப்பி செல்லும் தெருவுக்குக் கிராமத்தானின் வியர்வை வரியாகக் கேட்கப்பட்டது. சிங்களக் குடியானவனும் தமிழ்க் கூலியாளும் ஒரே பாதையின் இரு முனைகளிற் சுரண்டப்பட்டனர். ஆயினும் ஒருவர் துயரை மற்றவர் அறியாதிருக்கும்படி மொழியும் நிருவாகமும் அவர்களைப் பிரித்து வைத்தன.

வண்டிகளால் இனித் தாங்க இயலாது என்ற நிலையில் தோட்டக்காரர் புகையிரதம் கேட்டனர். 1858இற் பணி தொடங்கி, 1867இற் கண்டிக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில் 45 அடிக்கு 1 அடி வீதம் உயர்ந்து செல்லும் அப்பாதைக்காகக் குடையப்பட்ட ஒவ்வொரு சுரங்கத்திற்கும் தொழிலாளர் உயிர்கள் நோய்க்கு இரையாயின. பல நாட் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கிற்று. பாதையும் தோட்டத்தைத் தொடர்ந்தே சென்றது: 1874இல் நாவலப்பிட்டி, 1880இல் மாத்தளை, 1885இல் நானுஓயா, 1894இற் பண்டாரவளை, 1924இற் பதுளை. நாட்டின் வரைபடத்தில் இருப்புப்பாதைக் கோட்டை வரைந்தது மக்களின் தேவையன்று, ஏற்றுமதியின் தேவையே.

சரித்திரத்தின் விந்தை யாதெனில், புகையிரதம் கண்டியை அடைந்த அதே 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இற் கோப்பி இலைநோய் தோன்றியது. 1870 அளவில் ஆண்டுக்கு 10 இலட்சம் அந்தர் வரை ஏற்றுமதியான கோப்பி, இரு பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. தேயிலை வேறொரு கால ஒழுங்கைக் கொணர்ந்தது. கோப்பிக்கு ஆண்டிற் சில மாதமே அறுவடை. அது முடிந்ததும் தொழிலாளர் பெரும்பாலோர் ஊர் திரும்புவர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் கிள்ளப்படுவது. கிள்ளிய அன்றே தொழிற்சாலை புகவேண்டுவது. ஆகவே தொழிற்சாலை தோட்டத்திலேயே எழுந்தது. தொழிலாளியும் தோட்டத்திலேயே தங்கினார். லயம் என்னும் சிறுகாம்பிராவும் அதனுள் வளர்ந்த மலையகத் தமிழ்ச் சமூகமும் கொழுந்தின் இக்கால ஒழுங்கினாலேயே நிலைபெற்றன. ஒரு மக்கட் கூட்டம் இந்நாட்டிலே வேரூன்றியமைக்கு இதனினும் தெளிவான பொருளாதாரக் காரணம் வேண்டுமோ?

இந்நூற்றாண்டுக்கு முந்தியதன் தொடக்கத்தில், ஆட்களை அனுப்பும் முறையும் பண்டங்களை அனுப்பும் முறையை ஒத்ததாயிற்று. ஏறத்தாழ 1901 முதல் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத்துண்டு ஒவ்வொரு தொழிலாளிக்கும் வழங்கப்பட்டது. அதனைக் கொண்டே அவர் எத்தோட்டத்துக்குரியவர் என்பது வழிநெடுகச் சரிபார்க்கப்பட்டது. தேயிலைப் பெட்டியிலும் தோட்டத்தின் பெயர். மனிதன் கழுத்திலும் தோட்டத்தின் குறி! 1904இல் திருச்சியைத் தலைமையகமாகக் கொண்டு ஆள்சேர்க்கும் ஆணையகம் இயங்கியது. 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதமும் தனுஷ்கோடிக்குக் கப்பலும் இணைக்கப்பட்டன. காட்டுவழி மரணங்கள் ஓய்ந்தன, கடன் ஓயவில்லை.

இவ்வேற்பாட்டின் பலவீனத்தை யுத்தம் காட்டிற்று. 1942இற் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஏற்றுமதிப் பயிரை நம்பி உணவை இறக்குமதி செய்த நாடு பங்கீட்டு அட்டையின் முன் நின்றது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவில் நிறுவினார். கோப்பிக்கும் தேயிலைக்குமென அமைந்த தெருவும் தண்டவாளமும் மீண்டும் போருக்குப் பணிபுரிந்தன.

சுதந்திரம் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரிற் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர்த் தீர்மானிக்க விட்டது. எவருடைய விருப்பும் கேளாது, மூட்டைகளைப் பகிர்வதுபோல மாந்தரைப் பகிர்ந்தனர். பாட்டனைக் கொணர்ந்த பாதையே பேரனைத் திரும்பக் கொண்டு சென்றது. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற அவ்வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். எஞ்சியோரின் குடியுரிமைக்காக 2003இலும் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

2023ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவுற்றதை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நெடும் பாதயாத்திரை நிகழ்ந்தது. முன்னோர் வீழ்ந்த வழியே வழித்தோன்றல்கள் நடந்தனர். நிலமும் வீடும் நியாயமான ஊதியமும் சமத்துவக் குடியுரிமையும் கேட்டனர். கோரிக்கைகள் புதியனவல்ல, அவை இன்னும் நிறைவேறவில்லை என்பதே வெட்கத்துக்குரியது. கொழுந்து ஏற்றும் லொறி தொழிற்சாலைக்கு நேரந்தவறாது சென்று சேர வழி செய்யப்பட்டுள்ள தோட்டங்கள் பலவற்றில், பிரசவ வேதனையுறும் பெண்ணை வைத்தியசாலைக்குச் சேர்க்கும் பாதை இன்னும் கல்லும் குழியுமாகவே கிடக்கிறது.

பாதைகள் தீயவை என்பது நமது கருத்தன்று. கண்டிப் பெருந்தெருவும் இருப்புப்பாதையும் மனித உழைப்பின் மாபெரும் ஆக்கங்கள். அவற்றின் வழியே பத்திரிகை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, தொழிற்சங்கமும் வந்தது. குறை பாதையிலன்று, அதன்மேல் எது முதலிற் செல்லவேண்டும் என்று தீர்மானித்தவர் நோக்கத்திலேயே உள்ளது. அத்தீர்மானம் மக்கள் கைக்கு வருதல் வேண்டும். கடுகண்ணாவைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் டோசன் கோபுரத்தைக் காட்டட்டும். காட்டியபின், அதனடியிற் செல்லும் தெருவையும் காட்டி, இதனை அமைத்தவர் யாவர், இதன்வழி சுமந்தவர் யாவர், அவர்தம் மக்கள் இன்று எங்கே வாழ்கின்றனர் எனவும் கேட்கட்டும். விடையைத் தேடிப் புறப்படும் மாணவர், பாடநூல் எழுதாது விட்ட அத்தியாயத்தைத் தாமே எழுதுவர்.