மாமன் மருமகன் வழக்கும் மாறுவேடத்தில் ஒரு மாணவியும்
(தீவகம்: தொடர்)

நயினாதீவு அம்மன் கோயிலில் உள்ள பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். யானை, குதிரை ஏற்றி வரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்குதான் பண்டாரத்துக்கு என்று ஊராத்துறை வணிகர்களுக்குக் கணக்குச் சொல்லும் கல் அது. அதைவிடப் பழைய பங்கு வழக்கு ஒன்றும் இந்தத் தீவின் பேரில் இருக்கிறது.

மகோதரன், சூளோதரன் என்று இரண்டு நாக அரசர்கள், மாமனும் மருமகனும். ஒரு மணியாசனத்துக்காகப் படை திரட்டி நிற்கிறார்கள். புத்தர் ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் நாகதீபத்துக்கு வந்து சமாதானம் செய்துவைத்தார், ஆசனம் அவருக்கே காணிக்கையானது என்கிறது மகாவம்சம். சாத்தனாரின் மணிமேகலையிலும் இதே சண்டை வருகிறது. அங்கே புத்தர் ‘இது என்னுடையது’ என்று சொல்லி அமர்ந்துவிடுகிறார். இடத்தின் பெயர் மணிபல்லவம். அது நயினாதீவேதான் என்பதில் தீவாருக்குச் சந்தேகமில்லை. நாகதீபம் என்றால் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும்தான் என்பவர்களுக்கு, 1936-இல் வல்லிபுரத்தில் கிடைத்த, அந்தப் பெயர் பொறித்த பொன்னேடு கைகொடுக்கிறது. அந்த வாதம் நடக்கட்டும்.

எனக்கு அரசர்களைவிட, பிறகு அதே ஆசனத்தின், புத்த பீடிகையின், முன் வந்து நின்ற காவிய நாயகி மணிமேகலைதான் முக்கியம். அங்கே அவளுக்கு முற்பிறப்பு தெரிகிறது. அவளை வழிநடத்தும் மணிமேகலா தெய்வம் நினைத்திருந்தால் மெய்ப்பொருளையும் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, மூன்று மந்திரங்களைக் கொடுக்கிறது. வானில் செல்ல ஒன்று, பசி தாங்க ஒன்று, வேற்றுரு எடுக்க ஒன்று. உருமாற்றத்துக்குச் சொல்லும் காரணம் இன்றைக்கும் சுடும்: நீ சின்னப் பெண், உன்னை மதித்து எந்தச் சமயத்தாரும் உண்மையை எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

அதனால் வஞ்சி நகரில் அவள் தவசி வேடத்தில் நுழைகிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று பத்துப் பேர், ஆளுக்கொரு கடை. ஒருவரையும் விடாமல் கேட்கிறாள். கண்ணால் கண்டது மட்டுமே உண்மை, மறுபிறப்பு கிடையாது என்கிறான் பூதவாதி. முற்பிறப்பை அறிந்தவளுக்குச் சிரிப்பு வருகிறது. அதெல்லாம் மனமயக்கம் என்கிறான் அவன். உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று திருப்பிக் கேட்கிறாள்.

சாத்தனார் நடுநிலையாளர் அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வைணவனுக்கு இரண்டே அடி ஒதுக்குகிறார், ஆசீவகனுக்கோ தாராளம். அவருடைய பந்தயத்தில் பௌத்தம்தான் ஜெயிக்கும். சமணர்கள் பின்னால் நீலகேசி எழுதி, அதில் புத்தரையே வாதத்தில் தோற்கடித்தார்கள்.

ஆனால் கட்சிக்காரராக இருந்தும் சாத்தனார் ஒன்றைச் செய்திருக்கிறார். காஞ்சியில் தன் பௌத்த குருவான அறவண அடிகளைச் சந்திக்கும் மணிமேகலை, நான் போட்ட வேடத்தைப் போலவே அந்தச் சமயங்களும் எனக்குச் சரிப்படவில்லை, மனத்தில் வைக்கவில்லை என்கிறாள். வேறொரு குருவாக இருந்தால் அந்த இடத்திலேயே தீட்சை கொடுத்திருப்பார். அறவணர் தருக்கப் பாடம் தொடங்குகிறார். மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. இதில் பக்கம் (நிறுவ வேண்டியது) எது, ஏது (காரணம்) எது, திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) எது? ஒவ்வொன்றிலும் போலி எப்படி நுழையும்? ஒரு காதையின் பெரும்பகுதி இதற்கே போகிறது. காவியத்தில் வாசகர் தூங்கும் இடம் இதுதான் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. ஆனால் தான் அடுத்துச் சொல்லப்போகும் பௌத்த தருமத்தையும் உரைத்துப் பார்க்கும் கல்லை மாணவியின் கையில் முதலில் கொடுத்துவிடுகிறார் அறவணர். தருமம் அதற்குப் பிறகு, கடைசிக் காதையில்தான் வருகிறது.

(அடுத்த வாரம்: நெடுந்தீவு)