மக்காச்சோளம் போன வழி, முட்டை வந்த வழி

தை பிறந்துவிட்டால் எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துச் சாலைகளில் பாதி அகலத்துக்கு மஞ்சள் விரித்துக் கிடக்கும். களம் இல்லாதவர்கள் தார்ச்சாலையிலேயே மக்காச்சோளத்தைக் காயப்போடுவார்கள். காய்ந்தது மூட்டையாகி, கமிஷன் கடையில் எடை போட்டு, லாரி ஏறும். அதில் கணிசமான பங்கு போய்ச் சேரும் இடம் நாமக்கல் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகள்.

இந்தக் கரிசல் மண்ணில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த காலத்தில், விளைச்சலில் ஒரு பங்கு வீட்டுத் தானியக் குலுக்கைக்குள் இறங்கியது. அதைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். மழை பொய்த்த வருஷம் குலுக்கையும் காலிதான். ஆனால் மக்காச்சோளம் விதைத்தவன் வீட்டு அடுப்பில் ஏறுவதே இல்லை. ஆள் கூலி குறைவு, வாங்க ஆள் தயார் என்று மானாவாரிக்காரர்கள் இதற்கு மாறினார்கள். 2018இல் படைப்புழு வந்து கதிரைத் துளைத்தபோதும் விடவில்லை. கூடவே விளையும் உளுந்தும் பாசிப்பயறும் உரக்கடைப் பாக்கிக்காகச் சந்தைக்குப் போய்விடுகின்றன. வீட்டில் மிஞ்சுவது ரேஷன் அரிசி. அது பட்டினியைத் துரத்தியது, உண்மை. ஆனால் வளருகிற பதினாலு வயதுக்குச் சோறு மட்டும் எப்படிப் போதும்?

நாமக்கல்லில் ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு 100 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகத் தீவனம் தின்கிறது. அதில் பாதியளவு மக்காச்சோளம். இட்ட முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். பள்ளிச் சத்துணவுக்கு என்று ஒதுக்கப்பட்ட முட்டை, கடைக்குப் போய்விடாமல் இருக்க முத்திரை குத்தப்பட்டு வருகிறது. நாமக்கல்லிலிருந்து கரூர், திண்டுக்கல், மதுரை, சாத்தூர் என்று இறங்கும் 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் நம் பக்கத்துக் கோவில்பட்டியையும் தொடுகிறது. நம் ஊரிலிருந்து மக்காச்சோளமாகப் போனது அதே சாலையில் முட்டையாகத் திரும்பி வரலாம். பள்ளிச் சமையல்கூடத்தில் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். மிதப்பது கழிவு, அமிழ்வது அடுப்புக்கு.

பள்ளிப் பிள்ளையின் தட்டுக்கு முட்டை வந்து சேரவே வெகுகாலம் ஆனது. காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கிவைத்தது இதே கரிசலில், பாரதி பிறந்த எட்டயபுரத்தில். ஊரார் கொடுத்த பொருளில் சமைத்துப் போட்டதுதான் ஆரம்பம். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. 1984இல் அது பத்தாம் வகுப்பு வயதுவரை நீண்டது. அப்போதும் தட்டில் முட்டை இல்லை. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒன்று, 1998இல் வாரம் ஒன்று, 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் ஐந்து. கட்சிகள் ஒன்றையொன்று முந்தப் போட்ட போட்டியில் பிள்ளைகள் ஜெயித்த அபூர்வமான கதை இது.

ஆனாலும் சாப்பாடு பிள்ளையின் வயிற்றுக்குப் போகும் வழியில் சில இடறல்கள் உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பையனுக்கு வரிசையில் தட்டோடு நிற்கக் கூச்சம் வந்துவிடுகிறது. பசியைச் சொல்வதைவிட "பசிக்கல சார்" என்பது அவனுக்குச் சுலபம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற தாய் விடியும்முன் கிளம்பிவிட்டால், அன்றைக்குக் காலையில் அடுப்பு எரிவது சந்தேகம். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2025 நிலவரப்படி ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்கு முதல் சாப்பாடு மதியம்தான். வீட்டில் கோழிக்குழம்பு கொதிக்கிற அபூர்வ நாளிலும், பெண்பிள்ளைக்கு வருவது கடைசிக் கரண்டி.

பெரிய இடறல் பதினொன்றாம் வகுப்பு. ஒன்றிய அரசின் மதிய உணவு எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பது, பத்துக்குத் தமிழகம் தன் பணத்தைப் போடுகிறது. அதற்குப் பாராட்டு உண்டு. ஆனால் 2025 வரை பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைக்குத் தட்டும் இல்லை, முட்டையும் இல்லை. மதியம் மணி அடித்ததும் தம்பி சாப்பாட்டு வரிசைக்குப் போவான். அதே வளாகத்தில் அக்கா, டிபன் டப்பாவில் இருப்பதை வைத்துச் சமாளிப்பாள். உடம்பு அதிகம் கேட்கிற வயது இதுதான்: 16 முதல் 18 வயதுவரை பையனுக்கு நாளொன்றுக்கு 3320 கலோரி, பெண்ணுக்கு 2500 கலோரி தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இது இந்தியக் கணக்கு. தமிழகத்திலும் பாதிக்கு மேல்தான்.

சமையல்கூடம் இருக்கிறது, சத்துணவு அமைப்பாளர் இருக்கிறார், முட்டை லாரியும் அந்தச் சாலையில் வந்துகொண்டுதான் இருக்கிறது. மேல்நிலை வகுப்புக்கும் நீட்டக் கூடுதலாகத் தேவைப்படுவது அரிசி, பருப்பு, முட்டைக்கான பணமும் ஒரு அரசாணையும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கரிசல்காட்டுக்காரர்கள் சாலை, குடிநீர் என்று கேட்பது வழக்கம். அடுத்த தடவை அந்தப் பட்டியலில் பிளஸ் டூ பிள்ளையின் மதியச் சாப்பாட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.