தென்னமரம் முதல் சுங்கை சோ வரை: தோட்டத்துப் பட்டறையின் கதை

தோட்டத் தமிழர் வரலாறு என்றதும் நம் மேடைகள் பால்வெட்டுக் கத்தியையும் வாளியையும் காட்டிவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. அதே தோட்டத்தில் எண்ணெய்க் கறை படிந்த கைகளால் வண்டிகளை ஓடவைத்தவர்களைப் பற்றி எழுதியோர் குறைவு. கோலசிலாங்கூர் வட்டாரத்தின் கதையை அவர்களை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது என்பது என் கருத்து.

காரணம் செம்பனை. 1917-இல் இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். (பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை! அருகிலுள்ள பத்தாங் பெர்ஜுந்தையும் 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது.) ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக்கிக் காயவைத்துவிட்டால் அது காத்திருக்கும். செம்பனைக் குலை காத்திருக்காது. வெட்டியது முதலே எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறத் தொடங்கும். ஒரு நாளுக்குள் ஆலை சேர வேண்டும். 1960-களில் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை பரவியபோது, சேற்றில் நின்றுபோன ஒரு சரக்குந்து பெரும் இழப்பாயிற்று. பட்டணத்திலிருந்து பழுதுபார்ப்பவர் வரட்டும் என்று இருக்க இயலாது. தோட்டத்துப் பட்டறையே பார்த்தாக வேண்டும்.

துரைமார்களின் வண்டி லேண்ட் ரோவர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமானது. ஜூனில் இங்கே அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ரோவர் நிறுவனத்தின் மோரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் போர்க்காலப் பழைய ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அது தேய்ந்துபோனால் வேறு எதை வாங்குவது என்ற கவலையில் பிறந்ததே லேண்ட் ரோவர். எஃகுத் தட்டுப்பாட்டால் உடற்தகடு அலுமினியமாயிற்று. மேலே துரு ஏறாது. அடிச்சட்டம் எஃகு என்பதால் அங்கே ஏறும். எளிய கருவிகளால் பிரித்துப் பூட்டக்கூடிய அவ்வண்டி, பட்டறைத் தமிழருக்குப் பள்ளிக்கூடமாகவே விளங்கியது.

என் பெரியப்பா அத்தகைய பட்டறையில் பிட்டராக இருந்தவர். படிப்பு மூன்றாம் வகுப்பு. எந்திரத்தின் ஓசையைக் கேட்டே வால்வு இடைவெளி கூடிவிட்டதைச் சொல்லிவிடுவார். ஆனால் தாம் உயிர்கொடுத்த லேண்ட் ரோவரின் முன்னிருக்கையில் அவர் ஒருநாளும் பயணம் செய்ததில்லை. பழுது நீங்கியதும் இறங்கிக் கைகளைத் துடைத்துக்கொள்வதோடு அவர் உரிமை முடிந்தது.

பிறகு 1998-இல், நாணய நெருக்கடியின் நடுவே, ரவாங்கை அடுத்த சுங்கை சோவில் உள்ள பெரோடுவா நிறுவனம் கெம்பாராவை வெளியிட்டது. ஜப்பானிய டைஹட்சு தெரியோஸின் மறுவடிவம். நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்குவது. 2008-இல் நாட்டிகா அதன் இடத்திற்கு வந்தது. ஆயினும் இரண்டாம் கை, மூன்றாம் கை மாறிய கெம்பாராக்கள் இன்றும் நம்மவர் வீட்டு வாசல்களில் நிற்கின்றன. என்னுடையதும் அப்படி வாங்கியதே. பெரியப்பா தொட்டுப் பார்த்த வகை வண்டி, விலை குறைந்து, நமக்கே உரியதாக வந்துவிட்டது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பட்டறைகளும் மூடின. ஆயினும் கைத்திறன் எல்லோரிடமும் அழிந்துவிடவில்லை; சாலையோரத் தகரக் கூரைகளின் கீழ் அதை இன்றும் காணலாம். நான் வீட்டிலேயே செய்துகொள்ளும் வேலைகள் சிலவே: எந்திர எண்ணெய் மாற்றுவது, குளிர்நீரில் துருநிறம் தெரிகிறதா என்று பார்ப்பது, கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுவது. பழைய 1.3 எந்திரத்தின் டைமிங் பெல்ட்டை ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றுவது, பின் டிஃபரன்ஷியல் எண்ணெய் ஆகியவற்றைத் தோட்டத்துப் பட்டறையில் பழகிய முதியவர் ஒருவரிடம் விட்டுவிடுகிறேன்.

வண்டியை நிறுத்தியதும் அவர் எந்திரத்தைத் திறப்பதில்லை. சுற்றிவந்து நான்கு டயர்களையும் கையால் தடவிப் பார்க்கிறார். ஒன்று புதியதாகவும் மற்றவை தேய்ந்தும் இருந்தால் சக்கரங்களின் சுற்றளவு வேறுபடும். நடு டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓய்வின்றி உழைத்துத் தேயும். "தம்பி, நாலும் ஒரே நாள்ல மாத்துனதா?" என்பதே அவர் முதல் கேள்வி.