பட்டமும் மிளகாய்த் தோட்டமும்

ஒட்டுசுட்டானுக்குப் புதிதாக வருவோர் கற்சிலைமடுவின் நினைவுக் கல்லைப் பற்றியே முதலில் விசாரிப்பர். கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியனை இவ்விடத்திலே தோற்கடித்தான் என்று, வென்றவனின் வாய்மொழியாகவே அக்கல் பொறிக்கப்பட்டது. அங்கிருந்து அதிக தூரமில்லாத முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ், எக்கல்லிலும் பொறிக்கப்படாத இன்னொரு வரலாறு கிடக்கிறது. பரீட்சைகளில் தேறிய இளைஞர்கள் மண்வெட்டியோடு வந்திறங்கிய வரலாறு அது. பட்டத்துக்காகச் செலவிடும் பணத்துக்கும் காலத்துக்கும் உரிய பயன் கிடைக்கிறதா என்று இன்று வீடுதோறும் எழும் கேள்விக்கு விடை தேடுவோர், அந்த வரலாற்றையும் சற்றுப் புரட்டிப் பார்த்தல் நலம்.

1945க்கு முன் இலங்கையில் தாய்மொழிப் பாடசாலையில் கட்டணமில்லை. ஆங்கிலப் பாடசாலையில் உண்டு. உத்தியோகத்துக்கு வழிவிட்டதோ ஆங்கிலம். கமக்காரனின் பிள்ளை எந்த வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டான் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கட்டணப் பாடசாலைகளை நடத்திய சமயச் சபைகளின் கடும் எதிர்ப்பையும் மீறி, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்னும் கொள்கை 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அந்நியர் ஆட்சி நீங்குமுன்னரே இந்நாட்டின் அரசாங்க சபை இதனைச் சாதித்தது. செல்வத்திற் சிறந்த அமெரிக்காவிலே இன்று மாணவர் கடன் ஒன்றரை லட்சம் கோடி டொலருக்கும் மேலாகக் குவிந்து கிடப்பதை நோக்கும்போது, அச்சாதனையின் பெருமை விளங்கும்.

கட்டணம் நீங்கிற்று, பொருளாதாரம் மாறவில்லை. பெருந்தோட்டத்தையும் ஏற்றுமதி வணிகத்தையும் நம்பி நின்ற நாட்டில், படித்தவனுக்கென ஒதுக்கப்பட்ட இடம் அரசாங்க மேசை ஒன்றே. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று யாழ்ப்பாணத்தார் சொல்லிவந்ததைப் பரிகசிப்பது எளிது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தவிர வேறெந்தப் பாதுகாப்பையும் காணாத மக்கள் வேறென்ன சொல்லியிருப்பர்? 1959இல் வித்தியோதய, வித்தியாலங்காரப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. தாய்மொழியில் கலைப் பட்டம் பெற்றோர் தொகை அறுபதுகளிலே பெருகியது. மேசைகள் அவ்வாறு பெருகவில்லை.

1971 ஏப்ரல் கிளர்ச்சியில் படித்த கிராமத்து இளைஞர் ஆயுதம் ஏந்தினர். அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனக் குழு, இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் இடையிலுள்ள பிளவை ஆராய்ந்து அறிக்கை தந்தது. பட்டச் சான்றிதழையே நோயாகக் கண்டு 1976இல் நூல் எழுதிய ரொனால்ட் டோர், எடுத்துக்காட்டாகக் கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. நோய் என்பது சரியே. ஆயின் நோயாளி மாணவன் என்று கொள்வது முறையன்று.

முத்தையன்கட்டுக்கு வருவோம். 1965 முதல் 1970 வரை ஆண்ட டட்லி சேனநாயக்கா அரசாங்கத்தின் காலத்தில், வேலையற்ற படித்த வாலிபருக்குக் காணி வழங்கும் குடியேற்றத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் காடு வெட்டப்பட்டது. மிளகாயும் வெங்காயமும் நடப்பட்டன. தொடக்கத்தில் இது ஆறுதற் பரிசு போலவே தோன்றியிருக்க வேண்டும். பின்னர் 1970இல் வந்த கூட்டரசாங்கம், அந்நியச் செலாவணி நெருக்கடியால் உப உணவுப் பொருள்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாய்க்கு விலை ஏறிற்று. தோட்டக்காரர் கையிற் பணம் புரண்டது. கந்தோருக்குப் போகாமலே படித்தவன் நிமிர்ந்து வாழலாம் என்பது சில ஆண்டுகளேனும் கண்ணாரக் காணப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதி மிளகாயின் முன்னே வன்னி மிளகாய் விலை சரிந்தது. படித்தவன் உழைக்கமாட்டான் என்று ஏசுவோர் இந்த அத்தியாயத்தை வசதியாக மறந்துவிடுகின்றனர். உழைத்தவனைக் கைவிட்டது கொள்கை.

இதற்கிடையே பல்கலைக்கழக வாசலில் வேறொரு பூட்டு விழுந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் மொழிவாரியாக வெட்டுப்புள்ளி வேறுபடுத்தப்பட்டது. தரப்படுத்தல் அதனைத் தொடர்ந்தது. தமிழ் மாணவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பதில் ஐயமில்லை. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது நிலை சிக்கலானது: யாழ்ப்பாணத்து ஏழை மாணவனும் தண்டிக்கப்பட்டான், ஆய்வுகூடமே காணாத வன்னிப் பாடசாலைக்கோ ஒரு சிறு கதவு திறந்தது. முல்லைத்தீவு 1978இல் தனி மாவட்டமாயிற்று. இன்றும் பெரும்பாலான துறைகளில் 5 வீத இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கு உரியவை. முல்லைத்தீவும் அவற்றுள் அடங்கும். அந்த 5 வீதத்தை எண்ணி வெட்கப்பட எதுவுமில்லை.

போர் இம்மண்ணை வெறுமையாக்கியது. 2009 ஆகஸ்டில் இப்பகுதி மாணவர் பலர் செட்டிகுளத்து முட்கம்பி முகாம்களிலிருந்தே உயர்தரப் பரீட்சை எழுதினர். அவர்களின் பின்வந்தோர் வவுனியாவிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் யாழ்ப்பாணத்திலும் பட்டம் பெற்றனர். 2017இல் வடக்கின் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். 2020இல் அரசாங்கம் பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்தபோது கொடுத்த மாதப்படி 20,000 ரூபா.

இலவசக் கல்வி உள்ள நாட்டில் மாணவர் கடன் இல்லை என்று கொழும்பில் இருந்தபடி கூறிவிடலாம். 2017இல் அரசு சாராத உயர்கல்வி நிறுவனங்களிற் பயில்வோருக்கு 8 லட்சம் ரூபா வரை வட்டியில்லாக் கடன் தொடங்கப்பட்டது. வட்டி இல்லை; முதல் உண்டு. வட்டியைத் திறைசேரி செலுத்துவதால், பொதுப்பணம் கட்டணக் கல்லூரியின் பெட்டிக்குச் செல்கிறது. அதே பணத்தை அரச பல்கலைக்கழகத்தில் இடம் பெருக்கச் செலவிடலாகாதா என்ற கேள்வி வரவு செலவுத் திட்ட விவாதங்களில் உரக்க ஒலிக்கவில்லை.

வன்னியின் மாணவர் கடன் பெரும்பாலும் மாணவன் பெயரில் இருப்பதில்லை. தனியார் வகுப்புக்கும், வெளியூர் வாடகை அறைக்கும், பஸ் செலவுக்கும் தாயின் காப்பு அடகுக்குப் போகிறது. காப்பில்லாத வீடு நுண்கடன் நிறுவனத்தை நாடுகிறது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனை அரசு தள்ளுபடி செய்ய நேர்ந்தது 2018இல். அந்தக் கடன்களுள் பிள்ளையின் படிப்புக்கென வாங்கியவை எத்தனை என்று எந்தப் பதிவேட்டிலும் தனி நிரல் இல்லை. மகாபொல உதவிப்பணம் 2025இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒட்டுசுட்டானிலிருந்து பேராதனைக்குப் போன பிள்ளை அதைக்கொண்டு மாதம் முழுதும் உண்ணவும், புத்தகம் பிரதி எடுக்கவும், விடுமுறைக்கு மாங்குளம் வந்து பஸ் மாறி வீடு சேரவும் வேண்டும்.