அடுப்பு இல்லாத பலகாரம்

எங்க மணலூர்பேட்டைப் பக்கம் சின்ன வயசுல நாங்க தின்ன தினை மாவு உருண்டைக்கு அடுப்பே வேண்டாம். தினையை ஊறவெச்சு, வடிகட்டி, நிழல்ல உலர்த்தி, லேசா ஈரம் இருக்கும்போதே உரல்ல இடிச்சு சலிக்கணும். வெல்லத்தைப் பொடிச்சு, ஏலக்காய் தட்டிப் போட்டுப் பிசைஞ்சா உருண்டை தயார். கல்வராயன் மலைத் தேன் கிடைச்சா வெல்லம் வேண்டாம். கோயிலுக்குப் போடுற மாவிளக்கும் இதே பக்குவம்தான், அது பச்சரிசியில. அன்னைக்கே தின்னுடணும்.

இது இன்னைக்கு நேத்து வந்த தானியம் இல்லைங்க. தென்பெண்ணையில எங்களுக்குக் கீழே, திருக்கோவிலூர் ஆத்துக்குள்ள கபிலர் குன்று இருக்கு. அந்தக் கபிலரோட குறிஞ்சிப்பாட்டுல தலைவி தினைப்புனத்துலதான் கிளி ஓட்டுறா.

அப்புறம் தினை எங்கே போச்சு? 1958ல சாத்தனூர் அணை கட்டி முடிஞ்சது. 1966ல ஐ.ஆர்.8 நெல் வந்தது. தண்ணி கண்ட இடமெல்லாம் நெல்லும் கரும்பும் ஆச்சு. யாரையும் குத்தம் சொல்லலை; எங்க கொல்லையில தினையை நிறுத்தினது நான்தான். கரும்புல காசு வந்துச்சு.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டா கொண்டாடினப்போ, பேத்திக்கு உருண்டை பிடிக்கக் கடையில தினை வாங்கினேன். காடு வெச்சிருக்கிறவன் தினையை விலைக்கு வாங்குறது வெட்கமா இருந்துச்சு. இந்த வருஷம் 10 சென்ட்ல விதைச்சிருக்கேன். 90 நாள் பயிர்தான். கிளி வந்தா பேத்தி ஓட்டுவா.