முரசுமோட்டை வீட்டுக்கு வரும் தொலைத்தொடர்புப் பட்டியல்

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ35 வீதியில் சில கிலோமீற்றர் போனால் முரசுமோட்டை. இரணைமடுக் குளத்து நீரை நம்பிய வயற்கிராமம். இன்று இங்குள்ள பல வீடுகளில் யன்னலோரம் ஒரு ரௌட்டர், கூரையில் ஒரு டிஷ், ஆளுக்கொரு கைத்தொலைபேசி. இவற்றுக்கான பட்டியலை மாதந்தோறும் கட்டுபவர் பெரும்பாலும் அந்த வீட்டில் இருப்பதில்லை. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சூரிச்சிலோ இருக்கிறார். “ஏன் இவ்வளவு வருகுது?” என்று அவர் கேட்பதும், “நாங்கள் ஒண்டும் பெரிசாப் பாக்கிறேல்லைத் தம்பி” என்று தாயார் சொல்வதும் பல குடும்பங்களில் மாதாந்த வழக்கமாகிவிட்டன. தாயார் பொய் சொல்லவில்லை. பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒவ்வோர் ஆண்டில், யாரோ எடுத்த முடிவினால் பிறந்தது. அந்தப் பிறப்பை அறிந்தால் எந்த வரியைக் குறைக்கலாம், எதைக் குறைக்க முடியாது என்பது விளங்கும்.

இலங்கையில் தொலைபேசி நெடுங்காலம் அரச திணைக்களத்தின் சொத்து. 1980 இல் தபால் வேறு, தொலைத்தொடர்பு வேறு எனப் பிரிக்கப்பட்டது. 1991 இல் திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று. 1996 இல் கம்பனியாயிற்று. 1997 இல் அதன் 35 வீதப் பங்குகளை ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் வாங்கியது. முதலாவது கைத்தொலைபேசிச் சேவை 1989 இல் கொழும்பில் தொடங்கியிருந்தது. தென்னிலங்கையின் தொலைபேசி வரலாற்றில் இவை வளர்ச்சியின் ஆண்டுகள். வன்னியின் நாட்காட்டியோ வேறு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஏ9 வீதி மூடப்பட்டது. பொருளாதாரத் தடையில் உலர் மின்கலங்கள்கூட அடங்கின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை அது. கொழும்பில் நாங்கள் இணையம் என்ற சொல்லைச் செய்தியில் எப்படி எழுதுவது என்று விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில், வன்னிச் செய்தி எங்கள் மேசைக்கு வவுனியா வழியாகக் கடிதமாக வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்த மகனுடன் பேச விரும்பிய தாய் தாண்டிக்குளத்தைக் கடந்து வவுனியாவுக்கு வரவேண்டும். அங்கே ‘கொமினிகேசன்’ என்று சனம் அழைத்த கடையில் காத்திருந்து, நிமிடக் கணக்கில் பேசிவிட்டுத் திரும்பவேண்டும். அழைப்பின் விலையை விடப் பயணத்தின் விலை அதிகம். பாஸ் எடுக்கும் அலைச்சலுக்கோ கணக்கே இல்லை.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்தின் பின் ஏ9 திறந்தது. அந்த ஆண்டிலேயே கைத்தொலைபேசி யாழ்ப்பாணத்தை அடைந்தது. வன்னிக் கிராமங்களுக்கு அது பரவலாக வந்தது 2009 இற்குப் பின்னரே.

இதற்கிடையில் நடந்த ஒரு விடயத்தைப் புலம்பெயர்ந்த வாசகர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 2004 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நிதிச் சட்டம், வெளிநாடுகளிலிருந்து இலங்கைக்கு வரும் அழைப்புகள்மீது நிமிடக் கணக்கில் தீர்வை விதித்தது. அதன் ஒரு பகுதிக்குச் சொல்லப்பட்ட நோக்கம், தொலைபேசி வசதி குறைந்த கிராமப்புறங்களுக்கு வலையமைப்பை விரிவாக்குவது. ஆக, அந்நாட்களில் ஊருக்குப் பேசிய ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, இலங்கைக் கிராமங்களின் தொலைபேசிக்குப் பங்களித்திருக்கிறார். 2006 ஓகஸ்டில் ஏ9 மறுபடி மூடப்பட்டது. 2009 ஜனவரியில் கிளிநொச்சியும் பரந்தனும் இராணுவத்திடம் வீழ்ந்தன. முரசுமோட்டை மக்கள் கிழக்கு நோக்கி ஓடினார்கள். பங்களித்தவரின் தாய் அந்த மாதங்களில் தொலைபேசிக்கு எட்டாத இடத்தில் இருந்தார்.

அழைத்தவர் பக்கத்திலும் ஏமாற்று இருந்தது. தமிழ்க்கடைகளில் விற்ற கோலிங் கார்ட்டுகளை நினைவிருக்கும். அட்டையின் முன்புறத்தில் நிமிடங்கள் பெரிய எழுத்தில். இணைப்புக் கட்டணம், வாராந்தப் பராமரிப்புக் கழிவு, அரை நிமிடத்தை முழு நிமிடமாக்கும் கணக்கு ஆகியவையோ பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில். சொன்ன நிமிடங்களைத் தராத சில அட்டை நிறுவனங்கள்மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2008 இல் வழக்கே தொடர்ந்தது. இன்றைய இணையப் பொதியின் விளம்பரமும் அந்த அட்டையின் தம்பிதான். பெரிய எழுத்தில் உள்ள கிகாபைட் தொகையில் ஒரு பெரும் பகுதி நள்ளிரவுக்குப் பின் மட்டும் பயன்படுத்தக்கூடியதாக இருக்கலாம். வயலுக்குப் போக வைகறையில் எழும்பும் வீட்டில் நள்ளிரவில் யார் படம் பார்ப்பது? பகல் பங்கு இருபதாம் திகதியளவில் தீர்ந்துவிட, மேலதிகப் பொதி வாங்கப்படுகிறது. பட்டியல் பெருக்கும் முதற்காரணம் அநேகமாக இதுவே. பெரிய பொதிக்கு மாறுவதை விட, இரவுப் பங்கு இல்லாத, அல்லது குறைந்த பொதியைத் தேடுவது மலிவு. கைத்தொலைபேசியில் காணொளித் தரத்தைக் குறைத்து வைப்பதும், செயலிகள் தாமாகப் புதுப்பிப்பதை இரவுக்குத் தள்ளுவதும் காசு செலவில்லாத வேலைகள்.

அடுத்தது வரி. 2022 நெருக்கடியில் ரூபா சரிந்தபோது, செப்ரெம்பர் 5 முதல் தொலைபேசி, இணையக் கட்டணங்களை 20 வீதமும் கட்டணத் தொலைக்காட்சியை 25 வீதமும் உயர்த்த ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அனுமதித்தது. அந்த ஒக்ரோபரில் 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி வந்தது. 2019 டிசம்பரில் 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி படிப்படியாக ஏறி, 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. பெறுமதி சேர் வரி, மற்றைய வரியும் சேர்ந்த தொகையின் மேல் கணக்கிடப்படுவது. அதாவது வரிக்கும் வரி. இந்த வரிகளைச் சந்தாதாரர் தொட முடியாது. ஆனால் அவை அடித்தொகையின் வீதங்கள் என்பதால், அடியில் 1,000 ரூபா குறைத்தால் மொத்தத்தில் 1,200 ரூபாவளவு குறையும். அடித்தொகையோடு மல்லுக்கட்டுவது அதனால்தான் பயனுள்ளது.

மூன்றாவது, ஒன்றையே இரண்டு தடவை வாங்குவது. வடக்கில் டிஷ் வந்த கதை தனியே எழுதப்படவேண்டியது. வானுயர்ந்த அன்ரெனாவில் தூரதர்ஷன் பிடித்த காலத்திலிருந்து, உத்தியோகபூர்வமாக இலங்கையில் விற்கப்படாத இந்தியச் சந்தாக்கள்வரை அது நீளும். இப்போதைக்கு ஒன்று மட்டும்: அதே நாடகத்தை டிஷ்ஷிலும் இணையத்திலும் பார்க்கும் வீட்டில், ஒரு சந்தா வீண். வீட்டில் ரௌட்டர் இருக்க, ஒவ்வொரு கைத்தொலைபேசிக்கும் தனித்தனியே மாதாந்த டேற்றாப் பொதி போடுவதும் அத்தகையதே. அப்பொதிகளில் ஒன்றை, வெளியே அதிகம் திரிபவருக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

முரசுமோட்டை போன்ற ஊர்களில் கம்பிவழித் தொலைபேசி வேரூன்ற முன்னரே கோபுரங்கள் வந்துவிட்டன. எனவே பெரும்பாலானோருக்கு வாய்த்தது, அளந்து விற்கப்படும் கம்பியில்லா இணைப்பே. ஸ்ரார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது. வயல்வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. போட்டி நிறுவனத்தின் சமிக்ஞை தன் வீட்டு முற்றத்தில் எப்படி என்று அயலவரின் தொலைபேசியில் ஒருதடவை பார்த்துக்கொள்வது நல்லது. வேறு இடத்துக்குப் போகலாம் என்று தெரிந்த வாடிக்கையாளருக்கே சேவை நிலையத்தில் மலிவான பொதி ஞாபகத்துக்கு வருகிறது.

வெளிநாட்டில் இருந்து கட்டுபவருக்கு ஒன்று. உங்கள் திரையில் தெரிவது மொத்தத் தொகை மட்டுமே. வரிவரியான பட்டியலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொதிக் கட்டணம், மேலதிகப் பொதி, மறந்துபோன பெறுமதி சேர் சேவை, வரி என்று நான்காகப் பிரித்து அடுக்குங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் எப்போது தொடங்கின என்று அம்மாவைக் கேட்காதீர்கள். வீட்டிலுள்ள பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேளுங்கள்.