மூச்சு, கை, எண்: கோபன்ஹேகன் 1952

தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள் செயற்கை நுண்ணறிவு நுழைவதைப் பற்றி இன்று இரண்டு குரல்கள் கேட்கின்றன. இயந்திரம் மனிதரைவிடத் துல்லியமானது, அதன் பொறுப்பில் விட்டுவிடலாம் என்கிறது ஒன்று. மனிதத் தொடுதலுக்கு ஈடேது என்று உருகுகிறது மற்றொன்று. இரண்டுமே வரலாறற்ற பேச்சு என்றே எனக்குப் படுகிறது. மூச்சுத் திணறுகிறவரைப் பற்றி ஓர் எண் வருகிறது. அந்த எண்ணை வாசிக்கும் அதிகாரம் யாருக்கு, அதை மறுக்கும் உரிமை யாருக்கு? இந்தக் கேள்வியை இரண்டு குரல்களுமே சாமர்த்தியமாகத் தாண்டிப் போய்விடுகின்றன. 1952-இல் டென்மார்க்கின் தலைநகரில் அது தாண்ட முடியாதபடி எழுந்தது.

அந்தக் கோடையில் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியது. நோயாளிகள் வந்து குவிந்த பிளெக்தாம் மருத்துவமனையில் இருந்தது ஒரே ஒரு இரும்பு நுரையீரல். மார்பைக் கவ்வி இயங்கும் சிறிய கருவிகள் ஆறு. மூச்சும் விழுங்குதலும் முடங்கி முதல் மூன்று வாரங்களில் வந்த 31 பேரில் 27 பேர் செத்துப்போனார்கள். பரிசோதனைக்கூடம் ஓர் எண்ணைத் தந்திருந்தது: ரத்தத்தில் மொத்தக் கரியமில வாயு மிக அதிகம். ரத்தம் ஏனோ காரத்தன்மை அடைகிறது என்று மருத்துவர்கள் அதை வாசித்தார்கள். வைரஸ் மூளையையே தாக்கிவிட்டது, இனி நம்ம கையில என்ன இருக்கு என்பதாகவே அந்த வாசிப்பு முடிந்தது.

ஆகஸ்டில் தலைமை மருத்துவர் லாசென் வேறு துறைக்காரர் ஒருவரை அழைத்தார்: மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சென். அறுவை அரங்கில் அடுத்தவர் மூச்சைத் தன் கையில் வைத்திருந்து பழகியவர். அதே எண்ணை அவர் வேறாக வாசித்தார். மூச்சு போதாமல், கரியமில வாயு வெளியேறாமல் தேங்கித்தான் இவர்கள் சாகிறார்கள் என்றார். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்துக் காட்டினார். அவள் பிழைத்தாள். எண் மாறவில்லை, வாசித்தவர் மாறினார்.

தொடர்ந்து ஏறத்தாழ 1500 மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்துப் பை அமுக்கினார்கள். ஒரே சமயத்தில் 70 பேர்வரை அந்தக் கைகளால் மூச்சுவிட்டார்கள். 80 சதவீதத்துக்கு மேலிருந்த சாவு 40 அளவுக்கு இறங்கியது. இதைக் 'கருணை' என்ற சொல்லுக்குள் அடைத்துவிட நான் தயாரில்லை. இது ஓர் அறிதல்முறை. சளி அடைத்தால் பை இறுகுவது கைக்குத் தெரியும். விழித்திருக்கும் நோயாளி 'பத்தலை' என்று கண்ணாலேயே சொல்ல முடியும். கை மட்டும் போதவுமில்லை: பரிசோதனைக்கூடத்தின் பவுல் ஆஸ்ட்ரூப் ரத்தத்தின் அமிலநிலையை நேரடியாக அளந்து கொடுத்தது அந்தக் கைகளுக்கு வழிகாட்டியது. எண்ணும் கையும் ஒன்றையொன்று கேள்வி கேட்டுக்கொண்டன. பின்னர் கைகளின் இடத்துக்கு வென்டிலேட்டர் வந்தது. வரத்தான் வேண்டும், 1500 பேரை எந்தச் சமூகமும் நிரந்தரமாக உட்கார்த்தி வைக்க முடியாது. பிரச்சினை, கைகளோடு சேர்ந்து அந்தக் கேள்வியும் வெளியேறியதுதான்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974-இல் முன்வைத்த கொள்கையில் அது இயங்குகிறது: தோலின் வழியே ஒளியைப் பாய்ச்சி ஆக்சிஜனைக் கணக்கிடுவது. 2020 டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியவர்களின் ரத்தத்தை நேரடியாகச் சோதித்ததில், உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பரில் 11.7 சதவீதம். 'நடுநிலை'யான ஒளிக்கும் நிறம் இருந்திருக்கிறது. அதே 2020-இல் நம்மூர் மருந்துக்கடைகளிலும் அந்தக் கருவி விற்றது. நம் தோலின் நிறத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'மூச்சு வாங்குதுங்க' என்று ஆள் சொல்ல, 'மெஷின் 95 காட்டுதே' என்று பதில் வந்தால், யார் பேச்சு எடுபடும்?

அந்த எண்ணை நம்பி, ஆக்சிஜனைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிகள் இன்று இருக்கின்றன. எண் பொய்த்தால், திணறுகிறவருக்கு ஆக்சிஜனைக் குறைக்கும் 'துல்லியம்' அவற்றுக்கு வாய்க்கும். இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கலாம். பிளெக்தாமின் அந்த மூன்று வாரப் பதிவேட்டை மட்டும் கொடுத்து ஒரு செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவித்திருந்தால் அது என்ன கற்றிருக்கும்? இந்த எண் வந்தவர் சாவார் என்று. 31-க்கு 27, கணிப்பு பிரமாதமாகப் பலித்திருக்கும். ஏற்கெனவே கைவிடப்பட்டவர்களின் சாவை இயற்கை விதியாக மாற்றித் தரும் கணிப்பு அது.

ஆகவே இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. எந்தத் தோலில் சோதித்தீர்கள், யாருடைய சாவிலிருந்து கற்றுக்கொடுத்தீர்கள், திரை சொல்வதை மறுக்க இரவுப் பணியிலிருக்கும் செவிலியருக்கு அதிகாரம் உண்டா, 'பத்தலை' என்கிற நோயாளியின் சொல் எந்தக் கட்டத்தில் பதிவாகும்? மூச்சின் அரசியலில் நாம் கேட்க வேண்டியவை இவைதான்.